இந்த வருஷமும் எனக்கு எரேமியா 29:11 வந்திருக்கிறது. எப்படி எடுத்துக்கொள்வது?

தாம்பரம்_நர்ஸ்
ஜனவரி 3, இரவு 11.10

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பன்னிரண்டு மணி அடித்து, எல்லாரும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி முடித்ததும், புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வசனம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தேன். எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் எனக்கு இதே வசனம்தான் வந்தது. அந்த அட்டை இன்னும் பீரோ கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அழுகைதான் வந்தது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது தாம்பரத்தில் வாடகை வீடு. ஜெர்மனிக்குப் போக மூன்று வருஷமாக முயற்சி செய்கிறேன். ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 நிலை முடித்துவிட்டேன். அடுத்த நிலையான பி2 இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பேச்சுத் தேர்வில் போய்விட்டது. ஏஜென்சிக்குக் கட்டிய பணத்தில் பாதி திரும்பவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே எனக்குப் பாரமாக இருக்கிறது.

“நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்று வேதத்திலேயே இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். தினமும் அந்த வசனத்தைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். என் விசுவாசம் குறைவா, இல்லை வசனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயங்கால_ஜெபம்
ஜனவரி 4, காலை 5.52

சகோதரி, உங்களுக்காக இன்று ஜெபித்தேன். “வாக்குத்தத்தம்பண்ணினவர் உண்மையுள்ளவராயிருக்கிறாரே” (எபிரெயர் 10:23). விட்டுவிடாதீர்கள். எங்கள் அக்கா மகளும் பேச்சுத் தேர்வில்தான் திரும்பத் திரும்பப் போனாள். கூடப் படித்த பெண்ணோடு தினமும் அரைமணி நேரம் போனில் ஜெர்மனில் மட்டும் பேசிப் பழகினாள். அதற்கப்புறம் கிடைத்தது.

பழைய_பைண்டிங்
ஜனவரி 4, காலை 10.25

மகளே, நான் நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவன். உன் கேள்வியை வாசித்ததும் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து மறுபடி வாசித்தேன். நீயும் ஒரு தடவை அப்படி வாசித்துப் பார்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அப்படிப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது இது. அந்தக் காலத்தில் வேறு தீர்க்கதரிசிகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்கிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா சொல்லிவிடுகிறார்.

இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவோம் என்று நினைக்கிறவன் பாபிலோனில் வீடு கட்டுவானா? மரம் வைப்பானா? மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஜனங்களுக்குத்தான் கடிதம் இப்படித் தொடங்குகிறது: “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்” (29:5). கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்துவையுங்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. ஏழாம் வசனத்தில், பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறார். பத்தாம் வசனத்தில்தான் எழுபது வருஷம் என்று வருகிறது. அதற்கப்புறம்தான் நீ எடுத்த பதினோராம் வசனம்.

எழுபது வருஷம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரர் யாரும் எருசலேமுக்குத் திரும்பவில்லை. வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை, பேரப்பிள்ளைகள் காலத்தில் நிறைவேறியது. அவர்களுக்குக் கையில் கிடைத்தது வேறு. இந்த ஊரிலும் நான் உங்களை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆகவே இங்கேயே வாழுங்கள் என்ற செய்தி.

உன் விசுவாசம் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லுகிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

எபிரெயம்_படிக்கிறேன்
ஜனவரி 4, மதியம் 1.40

ஐயா எழுதியதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம்.

“நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: அஹரித், திக்வா. முதலாவதற்கு ‘பின்னால் வருவது’ என்று பொருள், எதிர்காலம் என்று சொல்லலாம். இரண்டாவது நம்பிக்கை. ‘எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் உங்களுக்குக் கொடுக்கும்படி’ என்பதுதான் நேர்ப்பொருள். தமிழில் வாசிக்கும்போது, நான் மனதில் எதை எதிர்பார்த்திருக்கிறேனோ அதையே கொடுப்பேன் என்று கர்த்தர் எழுதிக்கொடுத்த மாதிரி கேட்கிறது. அக்கா மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தோம். ‘சமாதானம்’ என்பதும் அங்கே ஷாலோம். மன அமைதி மட்டுமல்ல, எல்லாவிதத்திலும் நன்றாயிருப்பது. ஏழாம் வசனத்தில் பாபிலோன் பட்டணத்துக்காகத் தேடச் சொன்னதும் அதே ஷாலோம்தான்.

இன்னொன்று என்னை ரொம்பத் தொட்டது. பாபிலோன் நாட்டுப் பழைய களிமண் பலகைகளில் ‘அல்-யாஹூது’ என்று ஒரு ஊர்ப்பெயர் வருகிறது. யூதாவூர் என்று சொல்லலாம். சிறைப்பட்டுப்போன யூதர்கள் குடியிருந்த ஊர். கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுப் பலகைகள் அவை. நிலம் பயிரிட்டது, வரி கட்டியது, கடன் கொடுத்தது, கடன் வாங்கியது எல்லாம் அவற்றில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய பெயர் சேர்ந்த பெயர்களை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் சொன்ன வாழ்க்கையை ஜனங்கள் உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். அக்கா, அவர்கள் நாட்டிய தோட்டத்தின் குத்தகைக் கணக்கு இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டாம்_வரிசை
ஜனவரி 4, இரவு 9.05

எல்லாரும் மன்னிக்க வேண்டும், எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது. எபிரெயம் தெரிந்தால்தான் வசனம் புரியும் என்றால் எங்கள் ஆச்சி எப்படிப் பிழைத்தாள்? ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இருபத்திமூன்றாம் சங்கீதம் முழுக்க மனப்பாடம். தாத்தா இறந்து நாலு பிள்ளைகளோடு பனங்காட்டு ஓரத்தில் குடிசையில் இருந்தபோது, ராத்திரி விளக்கை அணைக்கும் முன்னால் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். யார் எழுதினது, எந்தக் காலம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த வசனம் அவளைத் தாங்கியது. நாங்கள் சாட்சி.

வாக்குத்தத்த அட்டையையும் லேசாகப் பேசாதீர்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு வசனத்தையாவது ஒரு மனுஷன் கூடவே வைத்துக்கொள்கிறான். ஆதிச்சபைப் பெரியவர் அகஸ்தீன் புத்தகத்தைத் திறந்து கண்ணில் பட்ட வசனத்தைத்தானே வாசித்தார்? தேவன் அப்படியும் பேசுவார்.

பழைய_பைண்டிங்
ஜனவரி 5, காலை 6.30

தம்பி, உங்கள் ஆச்சியைப் பற்றி வாசித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஆச்சி அந்தச் சங்கீதத்தை முழுசாக வைத்திருந்தார்கள், கவனித்தீர்களா? “மரண இருளின் பள்ளத்தாக்கு” அதில் இருக்கிறது. சத்துருக்கள் இருக்கிறார்கள். பந்தியும் அந்தச் சத்துருக்களுக்கு முன்பாகத்தான். முழுச் சங்கீதத்தையும் மனதில் வைத்திருக்கிறவருக்கு எபிரெயம் தேவையில்லை. ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து வைத்திருக்கிற எனக்கும் உங்களுக்கும்தான் இத்தனை விளக்கம் வேண்டியிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்களே 1551இல்தான் வந்தன, ஜெனீவாவில் அச்சகம் நடத்திய எஸ்தியென் என்பவர் போட்டது. பவுல் நிருபங்களை எழுதினபோது வசனம் வசனமாக எழுதவில்லை. சபையில் ஒருவர் நின்று முழுக் கடிதத்தையும் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்.

அகஸ்தீன் விஷயம் உண்மைதான். கி.பி. 386, மிலான் நகரம். தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது ‘எடுத்து வாசி’ என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. திறந்ததும் கண்ணில் பட்டது ரோமர் 13:13, 14. களியாட்டும் வெறியும் வேண்டாம், “துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து, கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள்.” அவர் விடமுடியாமல் தவித்துக்கொண்டிருந்ததை விடச் சொன்ன வசனம் அது.

நம் தட்டில் அப்படிப்பட்ட அட்டை ஒன்றாவது இருக்குமா? “நீ கலங்காதே”, “உன்னை ஆசீர்வதிப்பேன்” என்று இருக்கும். “திருடுகிறவன் இனித் திருடாமல்” என்று ஒரு அட்டை இருக்காது. எனக்கு அட்டைமேல் கோபம் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் மொராவிய சபையார் 1728இலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் கொடுக்கிறார்கள், 1731இலிருந்து அதைப் புத்தகமாகவே அச்சடிக்கிறார்கள். அவர்களும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த நாளின் வசனம் சபையார் எல்லாருக்கும் ஒன்றே. அதோடு பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைப்பார்கள். என் அதிர்ஷ்டம், உன் அதிர்ஷ்டம் என்ற பேச்சு அதில் நுழைய இடமில்லை.

மளிகைக்கடை_அண்ணாச்சி
ஜனவரி 5, இரவு 10.48

கடை அடைத்துவிட்டு வந்து வாசித்தேன். ஐயா “விடச் சொன்ன வசனம்” என்று எழுதினதால் என் காரியம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் கல்லாப்பெட்டிக்கு மேலே வருஷா வருஷம் வசன காலண்டர் தொங்கும். லோடு இறக்குகிற ஆட்கள் மூன்று பேர். மூட்டைக் கணக்குப் போட்டுச் சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டும். வியாபாரம் மந்தமான நாளில் “நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கோப்பா” என்று சொல்லி அனுப்புவேன். நான் ஏமாற்றியதே இல்லை. ஒரு ரூபாய் குறைத்ததில்லை. ஒரு நாள் தள்ளிக் கொடுப்பேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அதில் வயசான ஆள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்ன அண்ணே, வீட்டுக்குப் போகலையா என்றேன். “அரிசி வாங்கணும், நீங்க குடுத்தா வாங்கிட்டுப் போயிடுவேன்” என்றார். நான் நிற்பது அரிசி மூட்டை பக்கத்தில். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம்தான் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்ததில் உபாகமம் 24 வந்தது. கூலியை “பொழுதுபோகுமுன்னே” கொடுத்துவிடு, “அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்” (24:15). ஆவல் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அது ஒரு கணக்கு. அவருக்கு அது அன்றைய உலை. எத்தனை வருஷம் அவர் மனசு அந்தக் காசின்மேல் இருந்திருக்கும்!

இப்போது கடையில் லைட் போடும் முன்னால் கூலி கொடுத்துவிடுகிறேன். அதற்காக மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய காசில் இடிக்கும், அவரிடம் நான் போய் இரண்டு நாள் தவணை கேட்பேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்கிறேன். அந்த வசனத்தை நான் எந்தத் தட்டிலும் எடுக்கவில்லை.

சாயங்கால_ஜெபம்
ஜனவரி 6, காலை 5.47

அண்ணாச்சி, இன்று வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டேன். ஆறாம் தேதி ஆகிவிட்டது. எப்போதும் பத்தாம் தேதிதான் கொடுப்பேன்.

குமரிக்கடல்
ஜனவரி 6, காலை 8.15

வசனத்தைத் தவறாகப் பொருத்தியதால் வந்த தொல்லையையும் ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தில் பாஸ்டர் எபேசியர் 4:26ஐச் சொல்லி, சூரியன் அஸ்தமிக்கும் முன்னே சண்டையைப் பேசி முடித்துவிட வேண்டும் என்றார். நாங்கள் அதைச் சட்டமாக வைத்துக்கொண்டோம். பேசி முடிக்காமல் தூங்கக்கூடாது என்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பேசுவோம். பேசப் பேசப் பழைய கதையெல்லாம் வரும். விடியும்போது பத்து மணிக்கு இருந்ததைவிட மோசமாக இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் என் மனைவிதான் கண்டுபிடித்தாள். “நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்” என்று பவுல் தொடங்குவது நாலாம் சங்கீதத்திலிருந்து. அங்கே அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா? “உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்” (சங்கீதம் 4:4). பவுல் கேட்பது எரிச்சல் தணிவதை. வழக்கு முடிவதை அல்ல. இப்போது ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைப்பேன், அவ்வளவுதான். காலையில் காபி குடித்துக்கொண்டே பேசினால் பத்து நிமிஷத்தில் முடிகிறது.

ஒரு_அம்மா
ஜனவரி 7, இரவு 1.20

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பையன் பதினோரு மாதம் சிகிச்சையில் இருந்தான். பார்க்க வந்த எல்லாரும் ஏசாயா 53:5ஐச் சொன்னார்கள். “அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்.” அறிக்கையிடுங்கள், சந்தேகப்படாதீர்கள் என்றார்கள். அந்த வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அவன் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். அவன் போய்விட்டான். அதற்கப்புறம், எங்கேயோ உங்கள் விசுவாசத்தில் ஒரு இடைவெளி இருந்திருக்கும் என்று என் காதில் விழும்படி ஒருவர் சொன்னார். எட்டு மாதம் நான் ஆலயத்துக்குப் போகவில்லை.

அந்த எட்டு மாதமும் ஒரு அக்கா செவ்வாய்க்கிழமை தோறும் வருவார்கள். வந்தவுடன் அடுக்களைக்குப் போய்க் கிடக்கிற பாத்திரத்தையெல்லாம் கழுவுவார்கள். அப்புறம் என் பக்கத்தில் உட்காருவார்கள். நான் அழுதால் அவர்களும் அழுவார்கள். ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. ரொம்ப நாள் கழித்து நானே கேட்டேன், ஏன் அக்கா ஒன்றுமே சொல்லவில்லை என்று. “அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றுதானே எழுதியிருக்கிறது, அழுகிறவர்களுக்குப் பிரசங்கம் பண்ணுங்கள் என்று இல்லையே” என்றார்கள். ரோமர் 12:15.

தங்கச்சி, உனக்கு நான் பதில் சொல்லத் தெரிந்தவள் இல்லை. உன் அட்டை இரண்டையும் கிழித்துப் போடாதே. நான் கட்டிலுக்கு மேலே ஒட்டின அந்தத் தாள் இன்னும் என் வேதத்துக்குள் இருக்கிறது. உயிர்த்தெழுதலின் நாளைக்கு என்று அதை வைத்திருக்கிறேன். அந்த வசனம் இன்னும் முடியவில்லை என்று நம்புகிறேன்.

இரண்டாம்_வரிசை
ஜனவரி 7, காலை 7.02

அம்மா. தலைகுனிந்து வாசித்தேன். அப்படி வசனம் சொல்லிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். உங்கள் வீட்டில் இல்லை, வேறு வீடுகளில். இரண்டு வீடு ஞாபகம் வருகிறது. போய்ப் பார்க்கிறேன்.

புது_வாசகி
ஜனவரி 8, மாலை 4.30

எனக்கு ஒரு சந்தேகம். எந்த வசனம் அந்தக் காலத்து ஜனங்களுக்கு மட்டும், எது எனக்கும் சேர்த்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூலியைக் கொடு என்று லேவியராகமம் 19:13இலும் இருக்கிறது. அதே அதிகாரம் 19ஆம் வசனத்தில் இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்றும் இருக்கிறது. அண்ணாச்சி கூலி வசனத்தைக் கைக்கொள்கிறார். பாலியஸ்டர் கலந்த சட்டை எல்லாரும்தான் போடுகிறோம்.

பழைய_பைண்டிங்
ஜனவரி 8, இரவு 8.50

நல்ல கேள்வி, மகளே. என் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டான், அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

நான் பார்க்கிறது இதுதான். அந்தக் கட்டளை வேதம் முழுக்க எப்படிப் போகிறது என்று பின்தொடர்ந்து போவேன். கூலி விஷயம் லேவியராகமத்தில் வருகிறது, உபாகமத்தில் வருகிறது, மல்கியா 3:5இல் தீர்க்கதரிசி கண்டிக்கிறார், யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. இயேசுவுக்கு முன்னும் பின்னும் ஒரே குரல். அது கர்த்தருடைய குணத்திலிருந்து வருகிற கட்டளை. நூல் கலந்த துணி அப்படித் தொடரவில்லை. இஸ்ரவேலை மற்ற ஜாதிகளிலிருந்து பிரித்து வைத்த அடையாளங்களோடு அது நிற்கிறது. பேதுரு யோப்பாவில் மாடியில் கண்ட தரிசனத்தில் (அப்போஸ்தலர் 10) அந்த வேலிகள் திறக்கப்பட்டன. எல்லா வசனத்துக்கும் இப்படிச் சுலபமாகத் தெரிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். சிலவற்றுக்கு நாலு பேரோடு உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். சபை எதற்கு இருக்கிறது?

எனக்குச் சாதகமாக இருக்கிற வசனம் என்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்து வாசிப்பேன். தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு இயேசுவிடம் சொன்னதும் வசனம்தானே. சங்கீதம் 91, வாக்குத்தத்தம்தான். கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள். இயேசு அதை மறுக்கவில்லை. “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே” என்றார் (மத்தேயு 4:7). அந்த ‘என்றும்’ ரொம்ப முக்கியம்.

தாம்பரம்_நர்ஸ்
ஜனவரி 9, இரவு 11.55

நைட் டியூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன். எல்லாருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டேன். அம்மா, உங்கள் பதிலை மட்டும் வீட்டுக்காரரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என்னால் முடிக்க முடியவில்லை, மீதியை அவர் வாசித்தார்.

ஐயா எழுதின ‘மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய சூட்கேஸ் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியது, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. அம்மா சீராகக் கொடுத்த வெண்கலப் பானையும் குத்துப்போணியும் ஊரிலிருந்து வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. மிக்ஸி ரிப்பேர் ஆனபோது புதுசு வாங்கவில்லை, போகிற நேரத்தில் எதற்கு என்று. சபையில் பாடகர் குழுவுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான் இருக்கமாட்டேன் என்று சொன்னேன். கீழ்வீட்டு அக்கா பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. மகள் ஏழு வயது. பள்ளியில் வரைந்த படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம்மா, காலி பண்ணும்போது ஓனர் பணம் பிடிப்பார் என்றேன். அவள் இரண்டு வருஷமாகப் படங்களைச் சுருட்டிப் பீரோவுக்கு மேலே வைக்கிறாள்.

நான் பதினோராம் வசனத்தை மூன்று வருஷம் ஜெபித்திருக்கிறேன். ஐந்தாம் வசனத்தை ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

ஜெர்மன் படிப்பதை விடப்போவதில்லை. மார்ச்சில் பி2 தேர்வை மறுபடி எழுதுகிறேன். சாயங்கால_ஜெபம் அக்கா சொன்ன மாதிரி பேச ஆள் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழாம் வசனத்தைத் தினமும் வாசிக்கப்போகிறேன். என் வார்டில் இருபத்திரண்டு கட்டில். இந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக வேண்டிய இடமாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ரவுண்ட்ஸ் முடித்து ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு நிமிஷம் நின்று மனசுக்குள் ஜெபித்தேன். பதினாலாம் கட்டில் தாத்தா தூங்காமல் இருந்தார். போர்வையைச் சரிசெய்துவிட்டேன். “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். எப்போதும் நாகர்கோவில் என்றுதான் சொல்வேன். தாம்பரம் என்று சொன்னேன்.

எபிரெயம்_படிக்கிறேன்
ஜனவரி 10, காலை 9.10

அக்கா, இந்த வாரம் எங்கள் வகுப்பில் நான் தியானம் நடத்த வேண்டும். அட்டைப்பெட்டி, ஆணி விஷயத்தை ஊர் பெயர் சொல்லாமல் பகிரலாமா?

தாம்பரம்_நர்ஸ்
ஜனவரி 10, மதியம் 2.00

பகிருங்கள் தம்பி.

தாம்பரம்_நர்ஸ்
பிப்ரவரி 16, மாலை 6.20

அதற்கப்புறம் நடந்ததை எழுதுகிறேன். வீட்டு ஓனரிடம் கேட்டோம். சுவருக்கு இரண்டு ஆணி வரை அடித்துக்கொள்ளச் சொன்னார். மகள் ஒரு நாள் முழுக்க யோசித்து இரண்டு படத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்று கடல், இன்னொன்று நான் யூனிஃபார்மில். வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். பொங்கல் முடிந்துபோயிருந்தது, பரவாயில்லை என்று ஒரு சனிக்கிழமை அதில் பொங்கல் வைத்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தோம்.

பாடகர் குழுவில் ஆல்டோவில் (பெண்களின் தாழ்ந்த குரல்) சேர்ந்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலப் பாடல்கள் பழகுகிறோம்.

பால்கனியில் பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தோம். இரண்டு வாரமாக அப்படியே நிற்கிறது, தளிர் வரவில்லை. இலை ஓரம் கொஞ்சம் மஞ்சள். மகள் தினமும் போய்ப் பார்க்கிறாள். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மளிகைக்கடை_அண்ணாச்சி
பிப்ரவரி 16, இரவு 10.35

தண்ணீரைக் குறைம்மா, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்று. புளித்த மோரில் நாலு மடங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நாளைக்கு ஒரு தடவை வேரில் ஊற்று. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளை வரும். இன்னும் குளிர் விடவில்லை, மார்ச் வெயிலுக்குத் தளிர்த்துவிடும்.